பதக்கத்துக்குப் பிந்திய நாற்பது ஆண்டுகள்

ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்குப் போய்வரும் நம்மில் பெரும்பாலோருக்கு நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் வெறும் பேருந்து நிறுத்தங்கள்தாம். பாலராமபுரம் தாண்டியதும் நெய்யாற்றின்கரை, ஆற்றுப் பாலத்தை ஒட்டி அமரவிளை, அப்புறம் உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று நடத்துநர் கூவிக்கொண்டே வருவார். களியக்காவிளை வந்ததும் பலகைகளில் எழுத்து மாறும். நாமும் "அப்பாடா, நம்ம ஊர் வந்தாச்சு" என்று நிமிர்ந்து உட்காருவோம். இடையில் கடந்துவந்த ஊர்களில் யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று நாம் விசாரித்ததில்லை.

அந்தச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கி வழி கேட்டாலும் "மிலிட்டரிக்காரர் வீட்டைத் தாண்டி இடது பக்கம்" என்று ஒருவர் கை காட்டுவார். ரப்பர், மரச்சீனி, தென்னை, சின்னதாக ஒரு ஆலயம், அதை அடுத்து ஓய்வுபெற்ற பட்டாளக்காரர் ஒருவரின் வீடு. எல்லைக் கிராமங்களின் பொதுவான தோற்றம் இது. இத்தனை பேர் இருந்தும் அவர்களைப் பற்றி நம்மிடம் இருப்பவை இரண்டே சித்திரங்கள். ஒன்று, போர்க்களத்தில் உயிர்நீத்தவருக்கு வைக்கும் மாலையிட்ட படம். மற்றது, மாலை வேளையில் டீக்கடையில் அமர்ந்து "காஷ்மீரிலே நான் இருக்கும்போது..." என்று தொடங்குபவரைப் பற்றிய கேலி. அதற்குப் 'பட்டாளக்காரன் வெடி' என்று மலையாளத்தில் பெயரே உண்டு. இரண்டு சித்திரங்களுக்கும் நடுவே உள்ள உண்மையான மனிதரை, அதாவது போர் கண்டு திரும்பிவந்து, நாற்பது ஆண்டுக்காலம் குடும்பத்தையும் கோயிலையும் தாங்கி வாழ்ந்து முடிந்தவரை, நாம் பதிவு செய்யவில்லை. இது நம் தலைமுறையின் கடமைக் குறைவு என்பது என் கருத்து. அதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

இதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால், தக்கலை தாண்டியதும், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வருகிறது. அதனுள்ளே இடிந்த சிற்றாலயம் ஒன்றில் டச்சுப் படைத்தளபதி எஸ்தாக்கியுஸ் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்டவர். பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, ஏறத்தாழ 37 ஆண்டுகள் திருவிதாங்கூருக்கு உழைத்து, 1777 ஜூன் முதல் தேதி இறந்தார். மனைவியும் மகனும் அருகிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கல்லறையைப் பார்த்திருப்போம். ஆனால் அதில் என்ன மொழியில் எழுதியிருக்கிறது என்று கவனித்தவர்கள் குறைவு. லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. எங்கோ ஐரோப்பாவில் பிறந்து, இங்கே குடும்பம் நடத்தி, தன் விசுவாசத்தைக் கைவிடாமல் வாழ்ந்த ஒரு படைவீரரின் சரித்திரச் சுருக்கத்தை இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன் யாரோ அக்கறையோடு தமிழில் கல்லில் வெட்டிவைத்தார்கள். நம் சொந்த மாமன், பெரியப்பன்மாரைப் பற்றி ஒரு தாளில்கூட நாம் எழுதி வைக்கவில்லை.

மன்னர் காலப் படையின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் இன்றும் காட்டப்படும் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பலா மரத்தின் பொந்தில்தான் எதிரிகளுக்குத் தப்பி மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்தார் என்பது ஐதீகம். அவர் கட்டியெழுப்பிய படை, பிற்காலத்தில் நாயர் படை என்ற பெயரோடு ஒரே சமூகத்தாருக்கு உரியதாக நீண்ட காலம் இருந்தது. எல்லைக் கிராமங்களின் நாடார், ஈழவர், கிறிஸ்தவர், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 1930களில் அரசுப் பதவிகளிலும் சட்டசபையிலும் பங்கு கேட்டு நடந்த நிவர்த்தனக் கிளர்ச்சிக்குப் பிறகே அந்தக் கதவு மெல்லத் திறந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1950களில், திருவிதாங்கூர்ப் படையின் இரு பட்டாலியன்கள் மதராஸ் ரெஜிமெண்டில் 9ஆம், 16ஆம் பட்டாலியன்களாக இணைக்கப்பட்டன. இரண்டும் பெயரோடு 'திருவாங்கூர்' என்ற அடைமொழியை வைத்துக்கொண்டன. 1758இல் வேர் கொண்ட பழைய ரெஜிமெண்ட் அது. நீலகிரி வெலிங்டன் அதன் தலைமையிடம். தமிழனும் மலையாளியும் தெலுங்கனும் கன்னடனும் அதில் ஒரே பாயில் படுத்தார்கள். எல்லாருக்கும் பொதுப்பெயர் 'தம்பி'. வடநாட்டுப் படைப்பிரிவினரும் அப்படியே அழைப்பார்கள்.

அந்த 16ஆம் பட்டாலியன்தான் 1971 டிசம்பர் 15ஆம் தேதி இரவு, ஷகர்கர் முனையில், கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தைத் தாண்டி வசந்தர் ஆற்றைக் கடந்து, சராஜ் சக் என்ற கிராமத்தைக் கைப்பற்றியது. மறுநாள் அதே களத்தில்தான் இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால் தன் டாங்கியில் உயிர்விட்டுப் பரம் வீர் சக்ரா பெற்றார். அவர் பெயர் பாடப்புத்தகங்களில் உண்டு. அந்த டாங்கிகள் கடந்துவர அக்கரையில் முதலில் கால் ஊன்றிய காலாட்படையினர், நம் பேருந்துப் பாதையின் இருபுறமும் உள்ள ஊர்களிலிருந்து போனவர்களையும் கொண்ட தம்பிமார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பட்டாலியனின் தளபதி வேத் பிரகாஷ் கய் களத்திலேயே உயிர்நீத்து மகாவீர் சக்ரா பெற்றார். ஆறன்முளைப் பகுதியைச் சேர்ந்த தாமஸ் பிலிப்போஸும் அதே விருதைப் பெற்றார். அவர் உயிரோடு திரும்பியவர். 2018இல்தான் காலமானார். பாதி வெள்ளை, பாதி காவி நிற ரிப்பனில் தொங்கும் அந்த வெள்ளிப் பதக்கத்தோடு அவர் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள வெங்கானூரை எடுத்துக்கொள்வோம். 1863இல் அய்யன்காளி பிறந்த ஊர். அதே ஊர்க்காரர் கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ். விமானப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து, பின் தரைப்படையில் அதிகாரியாகி, 158 மீடியம் ரெஜிமெண்ட் என்ற பீரங்கிப் படைக்குப் போனவர். 1999இல் புதிதாக மணமானவர். கார்கில் போர் அவரை அழைத்துக்கொண்டது. மலையேறித் தாக்கும் நாகா படையினரோடு முன்வரிசையில் நின்று, பீரங்கிக் குண்டுகள் எங்கே விழ வேண்டும் என்று திருத்திச் சொல்வது அவருடைய வேலை. ஜூலை 7ஆம் தேதி உயிர்நீத்தார். வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அவரை ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இறந்தவருக்கு ஆண்டுக்கு ஒருநாள் இருக்கிறது. திரும்பி வந்தவருக்கு அதுவும் இல்லை.

வீரப் பதக்கம் என்பது பெரும்பாலும் ஓர் இரவுக்கு, சில வேளை ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கப்படுவது. அந்த ஒரு மணி நேரத்தை மட்டமாகச் சொல்லவில்லை; நம்மில் யாருக்கும் அது வாய்த்திராது. ஆனால் சிப்பாயின் கணக்கைப் பாருங்கள். பத்தொன்பது, இருபது வயதில் சேர்கிறார். பதினைந்து ஆண்டு சேவை முடிந்ததும் முப்பத்தைந்தை ஒட்டிய வயதில் இரும்புப் பெட்டியோடு ஊர் திரும்புகிறார். நாமெல்லாம் முதல் பதவி உயர்வுக்கு மனுப்போடும் வயதில் அவர் 'ரிட்டயர்டு'. அவருடைய வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெண் மக்களைக் கட்டிக்கொடுப்பது, பையனைப் படிக்க வைப்பது, வயதான தாயைத் தூக்கி உட்கார வைப்பது, கூட்டுறவு வங்கிக் கடன், இரவுக் காவல் வேலை, எல்லாம் அங்கேதான் வருகின்றன.

எனக்கு உறவுமுறையில் பெரியப்பா ஒருவர், பாறசாலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருந்தார். 1964இல் பட்டாளத்தில் சேர்ந்து 1979இல் திரும்பியவர். வசந்தர் கரையில் அந்த இரவில் இருந்தவர்களில் ஒருவர். வீரச் சக்கரம் எதுவும் பெற்றவரல்லர். போரில் இருந்ததற்குரிய பதக்கங்கள் மட்டும் உண்டு. நாங்கள் சிறுவர்களாக அவரைச் சுற்றி உட்கார்ந்து "யுத்தக் கதை சொல்லுங்க" என்று நச்சரிப்போம். "அன்னைக்கு ராத்திரி குளிருன்னா அப்படி ஒரு குளிராக்கும் மக்களே" என்பார். அவ்வளவுதான் கதை. ஆற்றுத் தண்ணீர் எத்தனை அடி, பக்கத்தில் விழுந்தவன் எந்த ஊர்க்காரன் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. 'பட்டாளக்காரன் வெடி' என்று கேலி பேசுகிறவர்கள் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெடி அடிப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்களில் பலர் ஸ்டோரில் கணக்கெழுதியவர்கள் என்று பெரியம்மா ஒருமுறை கண்ணடித்துச் சொன்னார்.

அவர் பேசாத விஷயங்களை வைத்து அவரை அளக்க முடியாது. செய்தவற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். திரும்பி வந்த ஆண்டே ஒரு வங்கியில் இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, காலையில் வந்து தென்னைக்குத் தடம் வெட்டுவார். இறந்துபோன தம்பியின் மூன்று பிள்ளைகளும் தன் பிள்ளைகள் நால்வரும் ஒரே அடுப்பில் வளர்ந்தார்கள். எழுவரில் யார் சொந்தம், யார் தம்பி மக்கள் என்று வெளியாளுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது கடைசியாக உட்காருவார். அது பட்டாளத்துப் பழக்கம் என்று சொல்வார். அங்கே நல்ல அதிகாரிகள் சிப்பாய்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார்களாம்.

விடியற்காலை பள்ளி மைதானத்தில் ஊர்ப் பையன்களை ஓட வைப்பார். ஆள்சேர்ப்பு முகாமுக்கு முன்னோடியான ஓட்டம். காசு வாங்கியதில்லை. அந்தப் பையன்களில் சிலர் இன்று அவரவர் பென்ஷனில் வீடு கட்டியிருக்கிறார்கள். இன்று ஓடுகிற பையன்களின் நிலை வேறு. 2022 முதல் அக்னிபத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு நான்கே ஆண்டு சேவை. அதிகபட்சம் நாலில் ஒருவருக்குத்தான் மேற்கொண்டு இடம். மற்றவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. அந்தத் திட்டம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சிப்பாய்ப் பென்ஷனை நடுத்தூணாக வைத்து ஒரு கூட்டுக்குடும்பத்தை நாற்பது ஆண்டுக்காலம் தாங்கிய மனிதர்களின் வரிசை முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். எழுதுவதென்றால் இப்போதுதான் எழுத வேண்டும்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நம் எல்லைப்புறத்தின் சரித்திரமே இருக்கிறது. லண்டன் மிஷன் தென் திருவிதாங்கூரில் வேரூன்றியது மயிலாடியில். ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் ஆகியோர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். அதே நூற்றாண்டின் நடுவில் பாறசாலை தனி மிஷன் நிலையமாயிற்று. ஜான் ஆப்ஸ் அங்கே நெடுங்காலம் ஊழியம் செய்தார். அந்தக் காலத்து மிஷனின் மொழி தமிழ். வேதமும் தமிழ், பாட்டும் தமிழ். 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை வந்தது. தமிழர் கேட்ட வட்டங்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி. மூன்று ஆண்டுகளில், 1959இல், தென்னிந்தியத் திருச்சபையும் கன்னியாகுமரிக்குத் தனிப் பேராயம் அமைத்துக்கொண்டது. எல்லைக்கு இப்பால் இருந்த ஆலயங்களில் ஆராதனை படிப்படியாக மலையாளத்துக்கு மாறியது. பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகளுக்கு வேறு வழியும் இல்லை. அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியப்பாவைப் போன்ற வயதானவர்கள் கடைசி வரை மடியில் தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டு மலையாளப் பிரசங்கம் கேட்டார்கள். போதகர் வசனத்தின் எண்ணைச் சொன்னதும் பக்கத்தைப் புரட்டித் தமிழில் வாசித்துக்கொள்வார். இரண்டு மொழிக்கும் இடையே அவருக்கு ஒரு சண்டையும் இருந்ததில்லை.

அவருடைய பக்தி மற்றவர்களைத் தள்ளிவைக்கும் பக்தியன்று. அதற்குப் பட்டாளம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்திய இராணுவத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பட்டாலியனில் எந்த மதத்துச் சிப்பாய்கள் இருக்கிறார்களோ அவர்களுடைய வழிபாட்டில் அதிகாரியும் கலந்துகொள்வார், தம் மதம் எதுவானாலும். பல முகாம்களில் எல்லா மதத்துக்கும் ஒரே கூரையின் கீழ் 'சர்வ தர்ம ஸ்தல்' இருக்கும். அதில் பதினைந்து ஆண்டு நின்றவர் ஊருக்கு வந்த பிறகு கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தலுக்கு ஓலை கட்ட முதலில் போய் நின்றார். சபைக் கமிட்டியில் சிலர் முணுமுணுத்தபோதும் போனார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்தத் திருவிழாக் கமிட்டியார் ஆலயத்துக்கு விளக்கு அலங்காரம் போட்டுக் கொடுத்தார்கள். பத்திரிகைச் செய்தியாகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் மதத்தைச் சொல்லி ஊரைப் பிரிக்க ஆள் அலையும் காலத்தில், ஒரு கிராமம் அமைதியாக இருந்ததற்கு இப்படிப்பட்ட நாலைந்து பேர் காரணமாக இருந்திருக்கிறார்கள்.

அவர் 2019இல் காலமானார். அடக்கத்துக்குப் பழைய பட்டாளக்காரர்கள் தொப்பியும் பதக்கமுமாக வந்து நின்றார்கள். அதுவரை எல்லாம் முறையாக நடந்தது. அதன் பிறகுதான் பெரியம்மாவுக்குப் போர் தொடங்கியது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற சில குடும்பங்களுக்கேனும் இது நாளைக்கு உதவும். சிப்பாய் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அது கிடைக்க, பட்டாள ஆவணத்தில் உள்ள மனைவியின் பெயரும் இன்று அவள் கையில் உள்ள ஆவணங்களின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். எல்லைக் கிராமத்தில் அது லேசில் ஒத்துப்போகாது. 'ஞானம்மாள்' என்ற பெயரை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தமிழில் ஞானம்மாள். கேரள ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஞானம்மா. எங்கோ வடக்கே ஒரு கிளார்க் 1960களில் ஆங்கிலத்தில் எழுதிய சேவைப் பதிவில் கானம்மா. ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டு. பிறந்த தேதி மூன்று இடத்தில் மூன்று விதம். திருமணப் பதிவேடு எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டத்து ஆலயத்தில், ஏனென்றால் மணப்பெண் அந்தப் பக்கத்துக்காரி. அவர்களைப் பொறுத்தவரை அது பக்கத்து ஊர், அலுவலகத்தைப் பொறுத்தவரை வேறு மாநிலம்.

பெரியம்மாவுக்கு ஏறத்தாழ இந்தக் கதைதான். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே "இது உங்கள் மாநிலச் சான்றிதழ் இல்லையே" என்றார்கள். எழுபது தாண்டியவர், களியக்காவிளைக்கும் திருவனந்தபுரத்துக்குமாகப் பேருந்தில் அலைந்தார். கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய பட்டாளக்காரர்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, அதில் மனைவி பெயர் பதிவான 'பார்ட் டூ ஆர்டர்' எண்ணைக் கண்டுபிடித்து, வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு ஒரே கடிதம் எழுதச் சொன்னார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்ற சான்றும் நோட்டரியின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்ந்து போயின. பிறகுதான் காரியம் நடந்தது. நாங்கள் படித்தவர்கள், வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்தவர்கள், பதினைந்து மாதம் அலைந்தோம். எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்ததனால் வழி சொல்லிவிட்டார்.

பதக்கத்துக்கு ஆண்டுதோறும் சல்யூட் அடிக்கும் ஒரு தேசத்தில், பதக்கக்காரரின் விதவை எழுத்துக்கூட்டினால் அலைக்கழிக்கப்படுவதை எந்தப் பேச்சாளரும் மேடையில் சொல்வதில்லை. வீரப் பதக்கத்துக்கு மாநில அரசுகள் தரும் ரொக்கமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அண்ணன் பாறசாலையில், தம்பி குழித்துறையில். இருவரும் ஒரே பட்டாலியனில் ஒரே இரவில் நின்றிருந்தாலும், எல்லைக்கோடு இரண்டு பேருக்கும் இரண்டு விலை போடும். இதை ஒரே சீராக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. இரு மாநிலத் தமிழ்ச் சங்கங்களும் முன்னாள் இராணுவத்தினர் அமைப்புகளும் சேர்ந்து கேட்கலாம்.

"போரைப் புகழ்ந்து எழுதச் சொல்கிறீர்களா?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். இல்லை. பெரியப்பா போரைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை. குண்டு விழுந்த கிராமத்தில் மாடுகள் அவிழ்த்துவிடப்படாமல் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. அவர்களை எழுதினால் போர் இன்னதென்று உள்ளபடி தெரியும். மேடைப் பேச்சிலும் சினிமாவிலும்தான் அது அழகாக இருக்கிறது.

"அவர்கள் மலையாளிகள் ஆகிவிட்டார்களே, தமிழ்ச் சங்க இதழில் எதற்கு?" என்று கேட்டவரும் உண்டு. இதற்கு எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் ஒரு பேச்சு, ரோட்டில் ஒரு பேச்சு, பட்டாளத்தில் இந்தி, வேதாகமத்தில் பழந்தமிழ் என்று நான்கு மொழியில் வாழ்ந்த ஒருவரை எந்தப் பட்டியலில் போடுவது என்று நாம் முடிவு செய்யத் தேவையில்லை. டிலனாய் தமிழரா என்று கேட்டுவிட்டா அந்தக் கல்லில் தமிழ் வெட்டினார்கள்?

அவர்களை மகான்களாகவும் எழுத வேண்டாம். பெரியப்பாவுக்கு முன்கோபம் உண்டு. பிள்ளைகள் சிறு வயதில் அவர் சைக்கிள் மணி கேட்டாலே நடுங்குவார்கள். இரவில் திடுக்கிட்டு எழுந்து முற்றத்தில் உலாவுவார். அதற்கு இன்று மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. அன்று "அப்பாவுக்குத் தூக்கம் வரல்லே" என்பதோடு சரி. கேன்டீன் குப்பியால் கெட்ட குடும்பங்களும் இதே கிராமங்களில் உண்டு. எல்லாவற்றையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை நம்பாது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கங்களே பாதிக் கதையைச் சொல்லும். 'ரக்ஷா' பதக்கம் இருந்தால் 1965 ஆகஸ்டில் அவர் சேவையில் இருந்தவர். 'சமர் சேவா' நட்சத்திரம் இருந்தால் அந்த ஆண்டு போர்முனையிலேயே இருந்தவர். 'பூர்வி' நட்சத்திரம் 1971இல் கிழக்கே வங்காளத்துப் பக்கம் நின்றவருக்கு. 'பச்சிமி' மேற்கே நின்றவருக்கு. 'சங்கிராம்' அந்தக் காலத்தில் பொதுவாக எல்லாருக்கும் கிடைத்தது. 1972இல் சேவையில் இருந்தவருக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் இருக்கும். பாதி கருநீலமும் பாதி காவியுமான ரிப்பனில் வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்தால் அது வீர் சக்ரா. உடனே உட்கார்ந்து விசாரியுங்கள். பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அவர் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பில் உள்ள எழுத்து தேய்ந்துபோகும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்து, அம்மாவின் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர்கள் இருவரும் இருக்கும்போதே ஒத்துப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அவரே கையெழுத்துப் போட்டு எழுதட்டும். அவர் எழுதினால் ஒரு மாதம், அவருக்குப் பின் நாம் எழுதினால் ஒரு வருடம். திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன.

பிறகு அவரிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினார், லீவுக்கு வரும்போது எந்த ரயிலில் எத்தனை நாள், முகாமில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்கள், திரும்பி வந்தபோது குழந்தை அவரை அடையாளம் கண்டதா என்று கேளுங்கள். பெரியம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. அவர் விட்டதை அவர்கள் சொல்வார்கள். அதை நம் வீட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். சங்க இதழில் இதற்காக இரண்டு பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் கட்டுரையாகப் பெரியப்பாவைப் பற்றி நானே எழுதித் தருகிறேன். அவருடைய படம் பெரியம்மாவிடம் இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.